நீ பார்க்காத தளம்

அக்கா,

பக்கத்து மனையில் மாடி எழும்புகிறது. நேற்றுத் தளம் போட்டார்கள். இன்று காலை அதன்மேல் சிமெண்ட் கலவையால் சின்னச் சின்னப் பாத்திகள் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். புதுக் கான்கிரீட்டில் தண்ணீர் பட்டால் எழும் அந்த வாசனை ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் வந்தது. பால் பொங்கி வழிவது தெரியாமல் நின்றுவிட்டேன்.

"வயலுக்குத் தண்ணி கட்டுற மாதிரிதான்டி இதுவும். காயவிட்டா வெடிச்சுப் போவும்" என்று மஸ்கட்டிலிருந்து ஒருமுறை சொன்னாய். ஒரத்தநாட்டுக்காரிக்கு இதையெல்லாம் காலேஜில் போய்ப் படிக்க வேண்டியிருந்ததே என்று உனக்கு ஒரே சிரிப்பு.

அங்கே பல வருஷம் வேறொருவருடைய கம்பெனியில் இன்ஜினியராக இருந்தாய். வெயிலில் நின்று நீ எழுப்பிய கட்டடங்களின் முன்னால் யார் யார் பெயரோ எழுதியிருந்தது. வெளிநாட்டுக்காரர்களே முழு உரிமையோடு கம்பெனி தொடங்கலாம் என்று அங்கே சட்டம் மாறியதும், லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தாய். சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னாய்.

அப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அந்நிய தேசத்துல போயி, ஒத்தப் பொம்பள, கட்டட கம்பெனியா? ஒண்ணுன்னா அங்க உனக்கு யாரு இருக்கா?"

"நம்ம ஊரு ஆளுங்களத்தானேப்பா கூட்டிட்டுப் போறேன்" என்றாய்.

அவர் எழுந்து போய்விட்டார். அம்மாதான் பீரோவைத் திறந்து, உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நகையை எடுத்து உன் மடியில் வைத்தாள். "போட்டுப் பாக்கணும்னுதான் சேத்தேன். சரி, நீ ஆசப்பட்டதச் செய்யி." அதன்பிறகு அப்பா உன்னிடம் போனில் பேசவே இல்லை. நீ வைத்தபிறகு, "சாப்ட்டாளாமா?" என்று என்னிடம் மட்டும் கேட்பார்.

கம்பெனி பதிவாகும்வரை நீ அலைந்த அலைச்சலை எனக்குத் தினமும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாய். நீ கேட்ட பெயர் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தது. ஆபீசுக்கு வாடகைக்கு இடம் பிடித்தால்தான் லைசென்ஸ், லைசென்ஸ் வந்தால்தான் ஆட்களுக்கு விசா. "எங்க போனாலும் முதலாளி எங்கன்னு என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாக்குறாங்கடி. நான்தான்னு சொன்னா, திரும்பவும் எட்டிப் பாக்குறாங்க!" அந்த ஊர்ப் பெண் சல்மாவை ஆபீஸ் வேலைக்கு வைத்தாய். அவள் அரபியில் பேசப் பேச, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இங்கிருந்து செல்வம் மேஸ்திரியும் அவர் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். போர்டு மாட்டிய அன்று அதன் கீழே தலைக்கவசத்தோடு நின்று படம் அனுப்பினாய். அப்பா என் போனை வாங்கி, பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மதில் சுவர் வேலைகள்தான் கிடைத்தன. பிறகு ஊருக்கு வெளியே ஒரு மீனவக் குடும்பத்துக்கு வீடு. அது தளமட்டத்துக்கு வரும்போதுதான் உனக்கு வயிற்றுவலி தொடங்கியது. "பொங்கல் முடிஞ்சதும் வந்துடுவேன்" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்தாய். கணையத்தில் புற்று, முற்றிவிட்டது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை நீ கேட்டுக்கொண்ட விதம் இருக்கிறதே, அக்கா! "தளம் போடுற வரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்றாய். அவர் குனிந்துகொண்டார்.

வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டோம். காலையில் நான் போனைப் பிடித்துக்கொள்வேன், மேஸ்திரி அங்கே சுற்றிச் சுற்றிக் காட்டுவார். "கொஞ்சம் கிட்டக் காட்டுங்க மேஸ்திரி. அந்த மூலையில கம்பி கீழ ஒக்காந்திருக்கு பாருங்க, தூக்கி விடுங்க." பேசி முடித்ததும் மூச்சு வாங்கும். அப்பா விசிறியோடு உன் பக்கத்தில் வந்து உட்காருவார். நீங்கள் இருவரும் பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

தளம் போட வேண்டிய அன்று விடியும்போது நீ போய்விட்டாய்.

அம்மா உன் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. மேஸ்திரி.

"கான்கிரீட் லாரி வந்துக்கிட்டிருக்கு. மேடம் லைன்ல இருக்காங்களா?"

"அக்கா இல்ல மேஸ்திரி. இப்பத்தான்..." என்றேன்.

அந்தப் பக்கம் அவர் குரல் உடைந்தது. "நிறுத்திடவாம்மா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் உன் கால்மாட்டில் நின்றிருந்தார். வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"நிறுத்தாதீங்க. போடுங்க தம்பி" என்றார். "எம் பொண்ணு கட்டுற வீடு அது."

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது அங்கே கலவை கொட்டிக்கொண்டிருந்தார்கள். உன்னை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன நேரத்தில் வேலை முடிந்துவிட்டது என்று மேஸ்திரி பிறகு சொன்னார். எல்லோரும் அந்தத் தளத்தின்மேலேயே உட்கார்ந்து அழுதார்களாம்.

அப்பா, அம்மா சார்பில் நான்தான் மஸ்கட் போனேன். முதலாளி இல்லாத கம்பெனியை நடத்த நம் வீட்டில் யாருக்குத் தெரியும்? சல்மா தனக்குத் தெரிந்த ஒரு காண்ட்ராக்டரிடம் பேசி ஆட்களையும் மிச்ச வேலையையும் ஒப்படைத்தாள். திறக்க நீ அலைந்த இடங்களுக்கெல்லாம் மூட நான் அலைந்தேன். அங்கே யாரும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. நான் அழுததைப் பார்த்து நாற்காலி எடுத்துப் போட்டார்கள். போர்டைக் கழற்றும்போது சல்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கும் போனேன். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போனாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. நடுக்கூடத்தில் நின்று மேலே காட்டி உன் பெயரைச் சொன்னாள். அது மட்டும் புரிந்தது.

இப்போது அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை தோறும் செல்வம் மேஸ்திரி எனக்குப் போன் செய்கிறார். நான் கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறவள், எனக்குக் கட்டட வேலை என்ன தெரியும்? அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த வாரம் எது எழும்பியது, எங்கே கம்பி கட்டினார்கள், எந்தச் சுவரை இடித்துத் திரும்பக் கட்டினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வார். எல்லாம் சொல்லிவிட்டு, உன் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சநேரம் சும்மா இருப்பார்.

நானும் சும்மா இருப்பேன், அக்கா. பிறகு, "சரிங்க மேஸ்திரி, அப்படியே செய்யுங்க" என்பேன்.