நங்கை பூதியின் கடன்முறிக்கு இன்றைய விலை

திரு ஓங்குக. வெண்மணல் நாட்டு வேந்தர் இளஞ்சேய்க் கோமான் அரியணை ஏறிய ஒன்பதாம் ஆண்டு ஆடித் திங்களில், அரசரின் பொற்பண்டாரத் தலைவர் நக்கன் அரையனார், முத்தலைத் துறைப் பண்டாரக் கணக்கர் சாத்தன் கொற்றனார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் நிறைக. உம் இல்லத்தில் நலம் நிலைக்க.

காரியம் இது. உம் ஊரில் கப்பற்பாய் தைத்து விற்கும் நங்கை பூதியார், அலைத்தடுப்புச் சுவர் எழுப்ப அரசர்க்கு இரண்டாயிரத்து நானூற்று இருபது பொன் தந்து கடன்முறி பெற்றவர். தையிலும் ஆடியிலும் நூற்றுக்கு ஐந்தாக நூற்று இருபத்தொரு பொன் வட்டி; அடுத்த ஆண்டு ஆடியில் வட்டியோடு முதலும் திரும்பும். இவ்வாடியின் வட்டியை வாங்கிய கையோடு, கணவரும் மாலுமிகள் இருவரும் கடற்கொள்ளையரிடம் அகப்பட்ட செய்தி அவர்க்கு வந்தது. மீட்புப்பணம் இரண்டாயிரத்து இருநூறு பொன். அதைச் சுமந்து செல்லும் கலம் நாளை மறுநாள் விடியலில் பாய் விரிக்கும். ஆகவே அவர் முறியைப் பண்டாரத்துக்கே விற்க வந்தார். நீரோ ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து பொன்னே அதன் இன்றைய விலை என்றீர்.

அம்மையார் இரவு பகல் பாராமல் வண்டியேறித் தலைநகர் வந்து முறையிட்டார். இவ்வோலை விடுக்கும் அரையனாரும் உம் கணக்கை ஒருமுறை பார்த்துச் சரியென்றே சொல்லிவிட்டார். அதை மறைத்துப் பயனில்லை. நங்கையார் அழவில்லை. அரையாண்டுக்குத் தாம் கடன் கொடுத்தால் பண்டாரம் நூற்றுக்கு இருபது தருமோ என்று மட்டும் வினவினார். அரையனார்க்குச் சுருக்கென்றது.

இதுவரை எல்லா முறிக்கும் ஆண்டுக்கு ஒரே தவணை. அதனால் தவணை ஒன்றுக்கு நூறு பொன் நூற்றிருபதாக வளரும் என்று பண்டாரந்தோறும் பலகை தொங்குகிறது. இம்முறியின் அரையாண்டுத் தவணைக்கும் நீர் அதையே பிடித்தீர். பலகையை எழுதித் தொங்கவிட்டவர் அரையனாரே. எனவே உம்மீது குற்றமில்லை.

ஆண்டுக்கு இருபதென்றால் அரையாண்டுக்குப் பத்து. இன்று நூற்றுப்பத்துப் பொன்னை வட்டிக்கு விட்டால் தையில் நூற்றிருபத்தொன்றாகும். தை வட்டியின் இன்றைய விலை ஆகவே நூற்றுப்பத்து. இன்றைய இரண்டாயிரத்து நூறு, தையில் இரண்டாயிரத்து முந்நூற்றுப்பத்தாகி, ஆடியில் இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்றாகும். கடைசி வட்டியும் முதலும் சேர்ந்த தொகை அதுவே. இரண்டு விலையையும் கூட்டினால் இரண்டாயிரத்து இருநூற்றுப்பத்து. மூன்று உயிர்க்குப் போதும். பத்துப் பொன் மிஞ்சும்.

ஆதலால் கட்டளை: இவ்வோலை கண்டவுடன் அத்தொகையைக் கலத்தில் ஏற்றுக. முறியும் கையொப்பமும் நங்கையார் ஊர் திரும்பியபின் பெற்றுக்கொள்க. கலம் புறப்பட்டிருந்தால் அரசரின் விரைவுப்படகு பொன்னோடு அதைத் துரத்துக. படகோட்டிகளின் கூலி அரையனார் சம்பளத்தில் பிடிக்கப்படுக.

அரச முத்திரை இட்டாயிற்று. குதிரை வாயிலில் நிற்கிறது. கணக்கை நீர் மறுபடி போட்டுப் பார்ப்பீர் என்பதை அரையனார் அறிவார். பொன்னை ஏற்றியபின் போட்டுப் பாரும். இப்போது எழுந்து ஓடுக.