விற்பனைக்கு இல்லாத குறிகாட்டி

ஏப்ரல் 13, 1996. மான்ஸ்ஃபீல்டு, ஒஹாயோ

விடாத மழை. துப்பாக்கிச் சந்தைக் கூடத்தின் தகரக் கூரை காதைப் பிளந்தது. ஆனாலும் கதவு திறக்கும்போதே போய் நின்றுவிட்டேன். பழைய உதிரிபாகம் விற்கும் மார்லிஸ் அதே மூலையில்தான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குறிகாட்டியும் அப்படியே இருந்தது. துப்பாக்கியின் மேல் குறி பார்க்க மாட்டும், கட்டைவிரல் நகமளவு இரும்புத் தகடு. ஒரு பக்கம் சாய்த்தால் கிட்டத்துக்கு, மறுபக்கம் சாய்த்தால் தூரத்துக்கு. அதன் ஓரத்தில், போர்க்காலத்தில் என் கார்பைன் துப்பாக்கியைச் செய்த தட்டச்சு இயந்திரக் கம்பெனியின் எழுத்து. பக்கத்தில் ஓர் அட்டை: விற்பனைக்கு இல்லை.

"வாங்க ஆரின். இன்னைக்கும் விலைக்கு இல்லைதான்."

"நான் கேக்கவே இல்லையே."

"மூஞ்சி கேக்குதே."

அவள் ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவள் கணவன் கிளெம் செத்து நாலு வருஷமாகிறது. அவன் எழுதி வைத்த விதி இன்னும் மேஜையின் பச்சை விரிப்பு ஓரத்தில் குத்தியிருக்கிறது: பாகத்தில் உள்ள கம்பெனி எழுத்து தப்பென்றால் எத்தனை வருஷம் கழித்தும் திருப்பித் தரலாம்.

ஏப்ரல் 14

கார்பைனை எடுத்துத் துடைத்தேன். நாற்பத்து மூன்றில் செய்தது. போர் முடிந்ததும் ராணுவப் பட்டறை இதை வரவழைத்துப் பாகங்களை மாற்றியிருக்கிறது. தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தானை எடுத்துவிட்டு நெம்பும் பூட்டு, குழலில் கத்தி மாட்டும் அகல வளையம், திருகித் திருத்தும் புதுக் குறிகாட்டி. ஒவ்வொன்றாகக் கழற்றி, பழையதைத் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டு வருகிறேன். குறிகாட்டி மட்டும்தான் பாக்கி. அதையும் மாட்டிவிட்டால் ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்தது மாதிரியே ஆகிவிடும்.

அப்படி ஆகி என்ன கிடைக்கும்? என் மனைவி எட்னா உயிரோடு இருந்தபோது இதைத்தான் கேட்பாள்.

ஜூன் 8

கார்பைனையே தூக்கிக்கொண்டு போனேன். பார்த்தாலாவது மனசு இளகுமா என்று. மார்லிஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, குறிகாட்டி உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவினாள். அங்கே உளி வைத்து அடித்த தழும்புகள் இருக்கின்றன.

"பாத்தீங்களா? இது அசையவே கூடாதுன்னு அந்தப் பட்டறைக்காரன் ஓங்கி அடிச்சிருக்கான். நீங்க ஏன் அவனோட மல்லுக்கு நிக்கிறீங்க?"

"இதை முதல்ல செஞ்ச ஆளும் உள்ள இருக்கானே."

"பழசை மாட்டினாலும் இந்தத் தழும்பு போகாது. எனக்குத் தெரிஞ்சிரும்."

"உனக்கு மட்டும்தானே தெரியும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, 'உனக்கு' என்று சொல்லிவிட்டேன் என்று. அவள் கவனித்தாளா? காப்பியை மட்டும் நிரப்பினாள்.

திரும்பும் வழியில் கில்பர்ட் வண்டி ஓட்டியபடியே, "ஏன்டா, நெசமாவே அந்த இரும்புத் துண்டுக்காகத்தான் அலையறியா?" என்றான். பள்ளியிலிருந்து கூடவே இருப்பவன், எதையும் விடமாட்டான். வேறு எதற்கு என்று கேட்டேன். ஊர் வந்து சேரும்வரை சிரித்தான்.

ஆகஸ்ட் 10

இந்த மாதம் சந்தை கிடையாது. ரொம்ப நீளமான மாதம்.

அக்டோபர் 12

அவள் மேஜையில் பாதி காலி. அரிசோனாவில் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம், முட்டிவலிக்கு அங்கே வெயில் நல்லதாம். வீட்டை விற்றாயிற்று.

"சந்தை மேஜையையும் விட்டுடுவீங்களா?" என்றேன்.

"அத எப்படி விட முடியும்? அங்க டூசான் ஊர்லயும் சந்தை இருக்கு, குளிர்காலத்துல."

பிறகு கண்ணாடியைத் திறந்து, குறிகாட்டியை எண்ணெய்த் துணியில் சுற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். விலை கேட்டேன். தலையை ஆட்டினாள்.

"எடுத்துக்கோங்க ஆரின். இனிமே இல்லைன்னு சொல்ல நான் இருக்கமாட்டேன்ல."

நான் நன்றி என்றேன்.

அக்டோபர் 13

நன்றியாம். மடையா. நன்றின்னா சொல்லுவாங்க அதுக்கு? கைய நீட்டி வாங்கிக்கிட்டு, நன்றின்னுட்டு, திரும்பி வந்துட்டே. போகாதேன்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு? எட்னா போனப்புறம் யார் மூஞ்சியப் பாக்க மாசாமாசம் அந்தத் தகரக் கொட்டகைக்கு ஓடினே?

அக்டோபர் 20

உளியும் சுத்தியலும் எடுத்து வைத்தேன். கார்பைனை இடுக்கியில் பிடித்தாயிற்று. ஒரே அடி, பட்டறைக்காரனின் குறிகாட்டி நழுவிவிடும். அடிக்கவில்லை. அது அங்கே அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருந்தது.

பழையதைத் துணியோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தபால் எடுக்கப் போனேன்.

நவம்பர் 28

நன்றி நவிலும் திருநாள். கில்பர்ட் வீட்டில் வான்கோழி விருந்து. அவன் மனைவி பூசணிப் பலகாரம் கட்டிக் கொடுத்தாள்.

"மாட்டிட்டியா?"

"இல்ல."

"அதுக்குத்தானடா இத்தனை வருஷமா உசிர விட்டே."

"அதுக்குன்னுதான் நெனச்சேன்."

அவன் வான்கோழியில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டான். "டூசானுக்கும் ரோடு போட்டுத்தான் வச்சிருக்கான்," என்றான்.

ஜனவரி 19, 1997

ஒஹாயோ பனியில் வண்டி கிளம்பமாட்டேன் என்கிறது. புது பேட்டரி போட்டேன். ஏக்கமாக இருக்கிறது. இந்த வயதில் இதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

பிப்ரவரி 15. டூசான்

வழியெல்லாம் வண்டிச் சன்னலில் வைத்த முழங்கை எரிகிற வெயில். கூடத்தின் கடைசி வரிசையில் அதே பச்சை விரிப்பு. கிளெமின் விதியும் அதே ஊசியில் குத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள், முட்டிவலியை மறந்து. நான் மனசுக்குள் சொல்லிப் பழகி வந்ததெல்லாம் காணாமல் போனது. துணியைப் பிரித்து மேஜையில் வைத்தேன்.

"இதுல எழுத்து தப்பு, மார்லிஸ். திருப்பிக் கொடுக்க வந்தேன்."

உருப்பெருக்கியை எடுத்தாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். எழுத்து சரி என்று எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஆமா," என்றாள். "தப்புதான்."

கண்ணாடிக்குள் வைத்தாள். எங்கிருந்தோ 'விற்பனைக்கு இல்லை' என்ற பழைய அட்டையைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் சாய்த்தாள்.

"ம், கேளு."

"என்னத்த?"

"எப்பவும் கேக்கறத."

கேட்டேன். இல்லை என்றாள். பிறகு தன் பக்கத்து நாற்காலியிலிருந்த உதிரிபாகப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்து, நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.