சோறு வலப் பக்கம்

என் செல்ல அம்மாவுக்கு,

அப்பா உறங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சியோலில் பிறந்த நீங்கள், அப்பாவைக் கட்டி லண்டன் எட்மண்டனுக்கு வந்து, அவருடைய தமிழிலேயே என்னோடு கதைத்தீர்கள். கொரிய மொழியில் எனக்குச் சாப்பிடக் கூப்பிடும் சொற்கள் மட்டும்தான் தெரியும். அதனால் இதுவும் தமிழில்தான்.

நாளைக்கு உங்கள் ஆண்டுத் திவசம். குட்மேய்ஸிலிருந்து மாமி இன்றைக்கே வந்துவிட்டார். வாழையிலை, கத்தரிக்காய், உங்களுக்குப் பிடிக்காத பாகற்காய் எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். நீங்கள் கூறைச் சேலையோடு நிற்கும் படத்தைத் துடைத்து முன்னறையில் வைத்தார். வடிவாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் அந்தப் படத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தால், உங்களிடமிருந்து எனக்கு வந்த பாதி எங்கே போகும்?

தமிழ்ப் பள்ளியில் என்னை இன்னும் 'சைனீஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நியூ மோல்டன் கொரியக் கடைக்கார அம்மா உங்களோடு கொரிய மொழியில் கதைத்துவிட்டு, என் பக்கம் திரும்பியதும் ஆங்கிலத்துக்கு மாறுவாரே, ஞாபகமா? அப்போது நீங்கள் என் கையை இறுக்கிப் பிடிப்பீர்கள்.

சித்திர வகுப்பில் இந்தத் தவணை அச்சுப் படம். லினோ என்ற மெத்தென்ற தகட்டில் செதுக்கி, மை பூசி, தாளில் அழுத்த வேண்டும். தலைப்பு, 'நான்'. மற்றவர்கள் தங்கள் முகத்தைச் செதுக்கினார்கள். என் முகத்தை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எங்கள் மேசையைச் செதுக்கினேன். ஒரு வாழையிலை. அதன்மேல் இடப் பக்கம் சோற்றுக் கிண்ணம், வலப் பக்கம் கடற்பாசிச் சூப். சோற்றில் நிமிர்ந்து நிற்கும் உங்கள் நீளக் கரண்டி.

தாளை உரித்தபோது அழுகை வந்தது. அச்சில் இடம் வலம் மாறும் என்று டீச்சர் எத்தனை தரம் சொன்னார்! சோறு வலப் பக்கம் போயிருந்தது. அப்படி யாராவது வைத்தால் நீங்கள் உடனே மாற்றி வைப்பீர்களே.

பஸ்ஸில் வரும்போதுதான், நீங்கள் உங்கள் அப்பாவுக்குப் படைத்த நாள் ஞாபகம் வந்தது. சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினீர்கள். அதையே நான் சாப்பாட்டில் செய்தபோது கையில் தட்டியவர் நீங்கள். ஏன் என்று கேட்டேன். என்னைத் தூக்கி மேசையின் எதிர்ப் பக்கம் கொண்டுபோனீர்கள்.

"அம்மப்பா இஞ்சாலதான் இருக்கிறார். இப்ப பார், சோறு எந்தக் கைப் பக்கம்?"

"வலக்கை."

"உயிரோட இருக்கிறவைக்கு இடப் பக்கம். போனவைக்கு வலப் பக்கம். அவ்வளவுதான், குஞ்சு."

அம்மா, என் அச்சில் பிழையில்லை. நீங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்த படம் அது.

அதைப் படையலில் வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். மாமியிடம் கேட்கிறேன் என்று கீழே போனார். பிறகு குசினியில் மாமியின் குரல் கேட்டது.

"பிள்ளை எங்கட பிள்ளையா வளரட்டும், தம்பி. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. சோத்தில கரண்டி குத்தின படத்தைப் பாத்தா சனம் என்ன சொல்லும்?"

"ஓம் அக்கா" என்றார் அப்பா.

அந்த 'ஓம்'தான் என்னைப் பயப்படுத்துகிறது. மாமி கூடாதவர் இல்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தவர். அவரிடம் எப்படி 'ஏலாது' என்பது?

சற்று முன் தண்ணீர் குடிக்கக் கீழே போனேன். கழுவி வைத்த வாழையிலைகளுக்குப் பக்கத்தில் உங்கள் நீளக் கரண்டி கிடந்தது, ஈரம் காயாமல். உங்கள் சாமான்களை அப்பா பெட்டியில் கட்டி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாரே. அதை யார் இறக்கியது? அப்பாவா? அவருக்கும் மாமியிடம் பயமா, அம்மா?

நாளைக்கு அச்சை உங்களைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். கரண்டியை நானே சோற்றில் நிறுத்துவேன். நீங்கள் உங்கள் பக்கம் வந்து இருங்கள். சாப்பிட்டு முடியும்வரை நான் இந்தப் பக்கம் இருப்பேன், எழும்பமாட்டேன்.

உங்களுக்கு எதிரே இருக்கும்,
உங்கள் ஒரே குஞ்சு