ஒளிதாங்கி

மாசி 6, புதன். நாமக்கல்.

காலையில் பனி. பிறகு கண் கூசும் வெயில். பள்ளி விடுமுறை. என் 'ஒளி நூல்' சேலம் அச்சகத்தில். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எழுதிய முதல் புத்தகம்.

பாஸ்பரஸ். கிரேக்கச் சொல். 'ஒளி', 'சுமப்பது', இரண்டும் சேர்ந்தது. முதலில் விடிவெள்ளியின் பெயர். பிறகு இருளில் மினுங்கிய எந்தப் பொருளுக்கும். கடைசியில் ஒரு தனிமத்துக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் இட்ட தமிழ்: ஒளிதாங்கி. ஒரு வாரமாக உள்ளுக்குள் கர்வம்.

மாலை. என் மனைவி பாவாயி கைப்பிரதியை உரக்கப் படித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஆனாலும் எழுத்துக்கூட்டுவதில்லை. 'ஒளிதாங்கி குளிர்ச்சியானது. கையில் வைத்துப் பார்க்கலாம்.' நிறுத்தினாள்.

"ஏனுங்க, மினுக்கறது எதுவுமே சுடாதுங்களா?"

"சுடாது." என் கைக்கடிகாரத்தின் பச்சை முள்ளைக் காட்டினேன்.

"அப்ப எலிப் பாஷாணம்?"

வலது கட்டைவிரலை நீட்டினாள். வழவழவென்று ஒரு தழும்பு. கல்யாணமாகி இரண்டு வருடமாக அடுப்புச் சூடு என்று நினைத்திருந்தேன்.

"கரும்புக் காட்டுக்கு வெல்லத்துல பெசஞ்சு வெப்பாங்க. இருட்டு ரூம்புல டப்பா மினுக்குச்சு, தொட்டுட்டேன். தண்ணியில முக்குனா நின்னுச்சு. எடுத்தா மறுக்காப் பொகஞ்சுதுங்க."

பாஸ்பரஸ். சந்தேகமே இல்லை. காற்றுப் பட்டால் தானே எரியும் என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

"பி.ஏ. படிச்சவங்க எலி புடிச்சதில்லையாட்ட இருக்குது" என்றாள்.

சிரிக்க முடியவில்லை. இங்கே எந்த வீட்டில் அந்த டப்பா இல்லை? என் புத்தகத்தை நம்பி எத்தனை விரல்கள்.

மாசி 7, வியாழன். சேலம்.

முதல் பஸ். ராசிபுரத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர், அரை மணி. உட்கார முடியவில்லை.

அச்சுக்காரர்: "உங்க பக்கத்த மிஷின்ல ஏத்தியாச்சுங்களே வாத்தியாரே!"

"ஓடிவிட்டதா?"

"மை போட்டுட்டு இருக்கறாங்க."

இறக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே இறக்கினார். ஒளிதாங்கியை அடித்துவிட்டுப் புது வரிகள்: கடிகார முள்ளில் பூசுவது ஒளிர்பொருள். எலிப் பாஷாணத்தில் இருப்பது பாஸ்பரஸ், சுடும், தொடாதே.

"ஒளிதாங்கி நல்ல சொல்லுங்க" என்றார் எழுத்துக் கோப்பவர்.

நல்ல சொல்தான். வருத்தமில்லை. வெளியே வந்து இரண்டு டம்ளர் மோர்.

மாசி 8, வெள்ளி. நாமக்கல்.

மேகம். மழை இல்லை.

முன்னுரையில் மூன்று பேராசிரியர்களுக்கு நன்றி சொல்லியிருந்தேன். நேற்று நான்காவதாகப் பாவாயி பெயரையும் கோக்கச் சொன்னேன். இன்று அவளிடம் சொன்னேன்.

"என்னத்துக்குங்க? ஊரே சிரிக்கும்."

அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து:

"எம் பேரு எழுத்து எத்தாப் பெருசுங்க?"