மாத்திரை மேல் ஒரு பிராது

16-7-2007, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் பொய் சொல்ல அவசியமும் இல்லை.

எனக்குத் தைராய்டு சுரப்பி சோம்பிக் கிடக்கிறதாம். மூன்று வாரமாக, காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. முடி உதிர்கிறது, எந்நேரமும் தூக்கம் வருகிறது என்றுதான் நெய்வேலிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். மாத்திரை ஆரம்பித்த பிறகு இன்னும் அதிகமாகக் கொட்டுகிறது. இன்று சீப்பில் நூற்று முப்பத்திரண்டு.

அன்று அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "ஆரம்பத்துல முடி கொஞ்சம் கூடவே கொட்டும் பாப்பா. பயந்துபோய் நிறுத்திடாத. மூணு மாசம் பொறுத்துக்க."

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பாள்.

19-7-2007

சாம்பாரில் முடி. அப்பா அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். திட்டியிருக்கலாம்.

24-7-2007

பள்ளியில் இரட்டைச் சடை கட்டாயம். மடித்துக் கட்டினால் ரிப்பன் நிற்பதில்லை, இரண்டாவது பீரியடிலேயே நழுவி விழுந்துவிடுகிறது. பிரபா அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கார்முகில்னு பேரு வச்சாலும் வச்சாங்க, மழை தலையிலேருந்தே கொட்டுதுடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேரை மாற்ற முடியுமா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

30-7-2007

நூற்று எழுபது. அதற்குமேல் எண்ணவில்லை.

3-8-2007, வெள்ளி

அம்மா பீங்கான் கம்பெனியில் மின்சார பியூஸ் கேரியர்களுக்கு ஓரப் பிசிறு தட்டிச் சூளைக்கு அனுப்பும் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் பூவாயி அக்கா சொன்னாராம்: "எத்தினி எண்ணெ தேய்ப்ப அம்சவல்லி? கொளஞ்சியப்பருகிட்ட ஒரு பிராது குடு. மூணு மாசத்துல தீர்ப்பு சொல்லிடுவாரு."

ஞாயிற்றுக்கிழமை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகிறோம். அங்கே குறையை மனுவாக எழுதிச் சாமியிடம் கொடுப்பதுதான் பிராது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் மனுவை நான்தான் எழுத வேண்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டுரைப் போட்டிக்கு எழுதுவதுபோல் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

5-8-2007, ஞாயிறு

பிராது கட்டியாயிற்று. மனுவைச் சாமி முன்னால் வாசித்து, வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சன்னதியில் கட்டினோம். எனக்கு முன்னால் ஒருவர் காணாமல் போன பசுமாட்டுக்காக வந்திருந்தார்.

நான் எழுதியது இது: "மனுதாரர் கார்முகில், த/பெ. திருமால். ஜூன் மாதம் மாத்திரை ஆரம்பித்த நாள் முதல் மனுதாரரின் தலைமுடி முன்னைவிட அதிகமாக உதிர்கிறது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் டாக்டரம்மா சொன்னதை எழுதவில்லை. ஏன்? இடம் இல்லையா? பாதிப் பக்கம் காலியாகத்தான் இருந்தது.

6-8-2007

காலையில் மாத்திரையைத் தேடினேன். டப்பாவைக் காணவில்லை.

அம்மா சொன்னாள்: "நீ எழுதுனத கோயில்ல படிச்சாங்களே, கேட்டன்ல? மாத்திர தின்னதுலேருந்துதான் கொட்டுதுன்னு. அப்ப அதுதான் எதிராளி. கேசு நடக்கச்சொல்ல எதிராளிகிட்ட யாராவது கையேந்தி நிப்பாங்களா?"

அப்பா, "மாத்திர மேலயே கேசு போட்டுட்டீங்களா? அது வக்கீலு வச்சுக்கப் போவுது" என்று சிரித்தார்.

டாக்டரம்மா சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் மாத்திரை நிற்பதுதானே வேண்டியிருந்தது? — எழுதிவிட்டேன். உண்மை.

22-8-2007

வேதியியல் வகுப்பில் தூங்கிவிட்டேன். வரலாற்றிலும்.

28-8-2007

மாடிப்படி ஏற முடியவில்லை. முகம் வீங்கியிருக்கிறது. நூலகத்தில் எடுத்த புத்தகம் பதினான்காம் பக்கத்திலேயே நிற்கிறது. படித்த வரியையே மறுபடி படிக்கிறேன். இவ்வளவுக்கும் முடி நின்றதா? இல்லை. நூற்று நாற்பது.

காலாண்டுத் தேர்வு வருகிறது. இப்படியே போனால் என்ன எழுதுவேன்?

2-9-2007, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, பிராதுல நான் முழுசா எழுதல" என்றேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"சாமிகிட்ட மறைச்சது கெடக்கட்டும். என்கிட்ட ஏன்டி மறைச்ச?"

"சொன்னா நீ மாத்திரைய நிறுத்திடுவன்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் என்னா ஆச்சு? நிறுத்தித்தான் தொலைச்சன்." நறுக்கியதை ஓரமாகத் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "படிக்காதவகிட்ட சொன்னா புரியாதுன்னு நெனச்சிட்ட இல்ல? பதினோரு வருசமா சூளைகிட்ட நிக்கிறவடி நான். ஆறுறதுக்குள்ள தொறந்தா அத்தினியும் விரிசல் வுட்டுடும். மூணு மாசம் பொறுன்னா எனக்குப் பொறுக்கத் தெரியாதா?"

நான் அழுதேன். அம்மா அழவில்லை. வாழைக்காய் கறுத்துப்போயிருந்தது.

9-9-2007, ஞாயிறு

மறுபடியும் நெய்வேலி போய் வந்தாயிற்று. டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். நாளையிலிருந்து மறுபடி மாத்திரை.

வரும் வழியில் மணவாளநல்லூரில் இறங்கி மனுவை வாபஸ் வாங்கினோம். கோயிலில் சீட்டு எழுதுகிறவர் கேட்டார்: "என்னம்மா, கொற தீந்துடுச்சா?"

"தீரலைங்க. தப்பு எங்க பக்கந்தாங்க" என்றாள் அம்மா.

அவர் சீட்டிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு எங்களையே பார்த்தார். எங்கள் பக்கம் என்று சொன்னாள். உன் பக்கம் என்று சொல்லவில்லை.

30-9-2007

நூற்று ஐம்பத்தொன்று. அம்மா கேட்டாள், சொன்னேன். "சரி" என்றாள்.

21-10-2007

தொண்ணூற்றாறு. நம்பவில்லை. நாளைக்கு எண்ணினால் தெரியும்.

22-10-2007

நூற்று முப்பது. நம்பாதது நல்லது.

9-12-2007, ஞாயிறு

ஒன்றரை மாதமாக எழுதவில்லை. நூலகப் புத்தகம் முடிந்து, அடுத்ததும் முடிந்து, இப்போது மூன்றாவது.

வெள்ளிக்கிழமை பிரபா என் நெற்றியைப் பார்த்து, "என்னடி, உங்க வூட்ல சீப்பு இல்லையா? முள்ளு முள்ளா நிக்குது" என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியோரம் அரை அங்குலத்துக்குப் புதுசாகக் குட்டை முடி, எண்ணெய் வைத்தாலும் படியாமல். சடை இன்னும் மெலிசுதான், ரிப்பனுக்கு ஊக்கு குத்த வேண்டியிருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "போதும், மூடி வை. அஞ்சரைக்கு மாத்திரைக்கு எழுப்பணும்" என்றாள். தலைமாட்டில் டம்ளரில் தண்ணீர் வைத்துத் தட்டால் மூடினாள். விளக்கை அணைக்கச் சுவிட்சில் கை வைத்துவிட்டாள்.