துரை சொன்ன ‘வா’

இன்று காலை சந்தைப் பக்கம் ஒருத்தி கரியடுப்பில் காய்ந்த கணவாய் மீனைச் சுட்டுக்கொண்டிருந்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் உம் நினைவுதான். பெண்டாட்டி கேட்டால்கூடத் தராமல், நாய்க்கென்று சட்டைப்பையில் கணவாய்த் துண்டை ஒளித்துவைத்த மனிதர் இந்தச் சைகோனில் நீர் ஒருவர்தான்.

ஆபீஸ் விட்டு வந்ததும் உமக்கு முற்றத்தில் அந்த மஞ்சள் நாயோடுதான் வேலை. உட்காரு, கை குடு, வா. நாய் பிறந்தது இந்த ஊரில், கற்றதெல்லாம் காரைக்கால் தமிழ். நான் சும்மா இருப்பேனா?

“ஓய், சர்க்கஸ்ல சேக்கப் போறீரா? நாய் கை குடுத்து என்னய்யா ஆகப்போவுது?”

“ஒண்ணும் ஆவாது. நான் என்ன நெனைக்கிறேன்னு தலையச் சாச்சு யோசிக்குது பாரும், அது போதும்யா எனக்கு.”

அதன்பிறகு நானும் அந்தத் தலையைத்தான் கவனித்தேன். நீர் வாய் திறக்கும் முன்பே அது உம் தோளை, புருவத்தை, கையை எல்லாம் பார்த்து முடித்திருக்கும். யார் யாருக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

நாயின் கெட்டிக்காரத்தனம் நம் ஆபீஸ் பிரெஞ்சுத் துரையின் காதுக்கு எட்டியதுதான் வினையாகிவிட்டது. மாற்றலாகி மேற்கே போகிறவர், நாயையும் கொண்டுபோவதாக முடிவே செய்துவிட்டார். ஒரு குமாஸ்தா, துரையிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? பிள்ளையில்லாத வீடு உம்முடையது. “வித்தை கத்துக்குடுத்து நீங்களே காட்டிக்குடுத்துட்டீங்க” என்று உம் மனைவி அழுதார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் துரையின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. நீர் கயிற்றை நீட்டினீர். புத்தியுள்ள நாய்க்குக் கயிறு எதற்கு என்று அவர் தட்டிவிட்டார். தாழ்வாரத்தில் உமக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வண்டியருகே நின்ற நாய்க்கு வண்டிக் கதவைக் காட்டி, “வா!” என்றார்.

பிரெஞ்சில் அதற்குப் ‘போ’ என்று பொருள். நாய்க்கு எங்கே பிரெஞ்சு தெரியும்? ஒரே ஓட்டமாக வந்து உம் காலடியில் உட்கார்ந்து கையை நீட்டியது. வண்டிக்காரன் அதைத் திரும்ப இழுத்துப்போய் வண்டியருகே விட்டான். மறுபடி “வா!” மறுபடி உம் காலடி. அவர் குரல் ஏற ஏற அதற்குக் குஷிதான் ஏறியது. கடைசியில் ‘மக்கு நாய்’ என்று பிரெஞ்சில் திட்டிவிட்டு, முகம் சிவக்கத் தாமே வண்டியேறிப் போய்விட்டார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். “நம்ம தமிழ்ல ‘போ’ன்னு சொல்லியிருந்தா ஏறியிருக்குமாய்யா?”

நீர் படியில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டிருந்தீர். கண் கலங்கியிருந்தது. “அத நான் சொல்லிக்குடுக்கவே இல்லய்யா. வீட்டு ஆளப் பாத்து யாரு போன்னு சொல்லுவா?”

இப்போது என்னிடமும் ஒரு நாய் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கு முன்பும் அது தலையைச் சாய்க்கிறது. உள்ளே என்னதான் ஓடுகிறதோ என்று நானும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘போ’வை மட்டும் அதற்கு இன்னும் சொல்லித்தரவில்லை. உம்மை மண்ணில் வைத்த அன்றும், எல்லோரும் கல்லறைத் தோட்டத்தைவிட்டுத் திரும்பிய பிறகு, விடைகொடுக்க நான் வாயெடுத்தேன். “போய்ட்டு வாரும்” என்றுதான் வந்தது.