மாசி மாதத்துச் சாவி

திருவண்ணாமலை,
21.1.98, புதன்கிழமை.

அன்பு மகன் சகாதேவனுக்கு அப்பா வேடியப்பன் சொல்லி எழுதும் கடிதம். நீயும் மருமகள் மணிமொழியும் குழந்தையும் பெங்களூரில் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கு இடது கண்ணும் மங்கிவிட்டது. நேற்று தட்டு என்று நினைத்துத் தரையில் குழம்பை ஊற்றினாள். கேட்டால், தரைக்கும் பசிக்காதா என்கிறாள்.

மாசியில் எங்களை அழைத்துப் போவதாக மார்கழியில் போனில் சொன்னாய். அதை எனக்கு வாட்ச்மேன் வேலையும் ரூமும் கொடுத்த விடுதி முதலாளியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். கேட்கத் தெரிந்த எனக்கு, பதில் யார் கைக்கு வரும் என்று யோசிக்கத் தெரியவில்லை. திங்கட்கிழமை தபால்காரர் உன் பதிலை முதலாளியிடம் கொடுத்தார். கோதண்டராமன் ஐயா வழக்கம்போல அவரே பிரித்து, என்னை எதிரில் உட்காரவைத்துப் படித்தார். குழந்தைக்குப் பல் முளைத்தது வரை படித்துவிட்டு நின்றார். "அவ்ளோதான் பெரியவரே, எல்லாரும் சௌக்கியம்னு முடிச்சிருக்கான்" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது, கண் தெரியும். இன்னும் ஒரு பக்கம் நிறைய எழுத்து இருந்தது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "மாசியில பொண்ணு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போறோம். பத்து நாள் விடுதிச் சாவிய உங்ககிட்ட குடுத்துட்டுப் போலாங்களா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "தாராளமா போய்ட்டு வாங்க, நான் எங்கங்க போகப்போறேன்?" என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்று தபாலாபீஸ் வாசலில் மனு எழுதித் தரும் சந்திரகலா அம்மாவிடம் மீதியைப் படிக்கச் சொன்னேன். அந்த ஆளிடம் மூச்சு விடாதீர்கள், சொன்னால் அன்றைக்கே ரூமைக் காலி பண்ணச் சொல்வான், மாசி பத்தாம் தேதி விடியற்காலை சத்தமில்லாமல் அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டுத்தான் அவர் என்னைக் கேட்டிருக்கிறார்.

சந்திரகலா அம்மா என்னைத் திட்டுகிறார். "இன்னா பெரியவரே, எந்த முதலாளி நம்மகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு வேலைய விட்டுத் தூக்கறான்? வாய மூடிட்டு இருங்க" என்கிறார். இதையும் எழுதும்மா என்றேன்.

வேலை கொடுத்த அன்று முதலாளி என்னிடம் கைநாட்டுக்கூட வாங்கவில்லை. "மூணு வாட்ச்மேன் நடுவுலயே ஓடிட்டாங்க. அடுத்த தீபம் வரைக்கும் இருப்பேன்னு மலையப் பார்த்துச் சொல்லுங்க, போதும்" என்றார். கற்பூரம் ஏற்றிச் சொன்னேன். ஐந்து வாரம்தான் ஆகிறது. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. நேற்று அம்மாவுக்குக் கம்பளி கொடுத்தனுப்பினார். திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நேராகப் போய் அவரிடம் சொல்லப் போகிறேன். ஆனால் என்னவென்று சொல்வது, மகனே? நீ வருவாய் என்றா? சித்திரைப் பௌர்ணமிக்கு வருகிறேன் என்றாய். பஸ் ஸ்டாண்டில் நின்றேன், பெங்களூர் பஸ் பதினொன்று வந்தது. ஆடிப் பதினெட்டு என்றாய். பிறகு தீபத்துக்கு என்றாய். அதை நம்பிக் கீழ்பென்னாத்தூர் வாடகை வீட்டைக் காலி செய்து மூட்டையோடு வந்து நின்றோம். இனி நீ வரமாட்டாய் என்று நினைத்துத்தான் மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு மறக்கத் தெரியவில்லை.

சொன்ன பிறகு ரூம் இருக்குமோ இருக்காதோ. இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் மறுபடியும் அவர் கைக்குத்தான் போகும். நீயே வா. அழைத்துப்போக முடியாதென்றாலும், அதையாவது நேரில் வந்து சொல்லிவிட்டுப் போ. அம்மாவுக்கு உன் முகம் கொஞ்சமாவது தெரிகிறபோதே வா.

அண்ணாமலையார் உன் பிள்ளையை உன்னோடே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா வேடியப்பன்,
கைநாட்டு.